செகண்ட் போஸ்ட்

மார்ச் 4, திம்பு

கொல்கத்தாவில் என் முதல் கால்பந்துக் கிளப்பின் பயிற்சியாளர், "ஆடியதை அன்றன்றே எழுதி வை, இல்லாவிட்டால் உன்னிடமே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவாய்" என்று சொல்லி ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். பொய்யை எழுதியும் வைக்கலாம் என்பது அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவில்லை. பதினான்கு வருடங்களில் எட்டு கிளப், எட்டு நோட்டு. கொல்கத்தாவில் இரண்டு, கோவா, டாக்கா, காத்மாண்டு, அப்புறம் மாலத்தீவில் மூன்று. இது ஒன்பதாவது.

எல்லையிலிருந்து கார் மலையேறி வர ஆறு மணி நேரம். வழியில் இரண்டு தடவை வாந்தி. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவனை ஏழாயிரம் அடிக்கு மேல் தூக்கி வைத்தால் வேறென்ன நடக்கும்? பெட்டியைத் திறந்தால் மனைவி ஜெசிந்தாள் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கிறது.

நோர்லிங் கிளப்பில் வெளிநாட்டுக்காரனுக்கு ஒரே ஓர் இடம். அது இப்போது என்னுடையது, ஜூன் 30 வரை. கோல் போட்டால் நவம்பர் வரை நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் வருவான். எனக்கு முப்பத்து நான்கு வயது. இவர்கள் விட்டால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். இது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

மார்ச் 9

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயிற்சியில் மைதானத்து ஓரத்தில், இறக்கையிலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போட்ட பத்து கிராஸில் ஏழு பந்தைக் கோட்டை விட்டேன். நான் குதித்து இறங்கிய பிறகு பந்து வருகிறது, அல்லது நான் குதிக்கும் முன்பே தலையைத் தாண்டிவிடுகிறது. பயிற்சியாளர் பேமா சார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர், ராணுவத்தில் இருந்தவராம்.

காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். இங்கே காற்று மெலிசு. பந்து வேகமாகவும் நீளமாகவும் பறக்கிறது. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

மார்ச் 10

மூச்சு பரவாயில்லை. துணி துவைத்தேன். காயவில்லை.

மார்ச் 16

முதல் ஆட்டம். 2-1 என்று ஜெயித்தோம். பெனால்டியில் ஒரு கோல் என்னுடையது. கோல் கோல்தான், அது எப்படி வந்தது என்று பட்டியலில் யாரும் போடுவதில்லை.

இடது இறக்கையில் ஆடுகிறவன் பெயர் கின்லே. இருபத்தாறு வயது. காலையில் டாக்சி ஓட்டுகிறான், மாலையில் பந்து. இங்கே பாதிப் பேர் அப்படித்தான், முழுநேர ஆட்டக்காரன் நான் ஒருவனே. நல்ல வேகம். என்னை 'அண்ணா' என்று கூப்பிடுகிறான். கொல்கத்தா போயிருந்தபோது யாரோ ஒரு தமிழன் சொல்லிக்கொடுத்ததாம். மற்ற பேச்செல்லாம் இந்தியில். ஓடுகிறான், தாண்டுகிறான், எல்லாம் சரி. ஆனால் அவனுடைய கிராஸ் மட்டும் எனக்குத் தோதாக வருவதில்லை.

மார்ச் 23

வாடகை அறையில் ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். பாதி கோப்பைக்கு வெளியே போனது. மேசை கோணலாக இருக்கிறது. அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தேன்.

ஜெசிந்தாள் வீடியோவில் வந்தாள்.

"என்னவாக்கும் தின்னுதிய அங்க?"

"மிளகாய்க் கறி."

"மிளகாய் போட்ட கறியா?"

"இல்ல, மிளகாய்தான் கறி. அதுல பாலாடைக்கட்டி போடுவாவ."

"சேசுவே! வயிறு என்னத்துக்காவும்?" என்று சிரித்தாள். பிறகு, "அது சரி, ஏன் தலைய ஒரு பக்கமா சரிச்சு வச்சுப் பேசுதிய? கழுத்துல அடி பட்டுச்சா?" என்றாள்.

தலையணை சரியில்லை என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 2

0-1. கின்லே ஐந்து தடவை கோட்டுவரை போய்ப் பந்தைத் தூக்கிப் போட்டான். ஐந்தும் என்னைத் தாண்டிப் போய் அந்தக் கோடிக் கோல்கம்பத்தருகே, செகண்ட் போஸ்டில் விழுந்தன. அவனுக்குப் பக்கத்திலுள்ள கம்பத்தில், ஃபர்ஸ்ட் போஸ்டில், நான் நிற்கிறேன். ஒரு ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்பான் என்று இறக்கைக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? நான் பதினாறு வயதில் மணலில் செருப்பைக் கம்பமாக நட்டு ஆடியபோதுகூட ஃபர்ஸ்ட் போஸ்டில்தான் நின்றேன். என் பிழைப்பே அந்த நான்கடி இடத்தில்தான் நடந்திருக்கிறது.

மைதானத்து விளக்கும் சரியில்லை. இடது ஓரத்தில் அடிக்கடி ஒரு மின்னல் அடிக்கிறது. கம்பத்து விளக்கில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கும்.

ஏப்ரல் 5

இந்த ஊரில் கொசு இல்லை என்றார்கள். பகலிலேயே கறுப்பாக ஏதோ பறக்கிறது.

ஏப்ரல் 12

இன்று பேமா சாரிடம் போய்ச் சொன்னேன். எனக்குப் புறம் சொல்கிற பழக்கம் கிடையாது. ஆனால் ஐந்து ஆட்டத்தில் பெனால்டி ஒன்றைத் தவிர ஒன்றும் இல்லை. நாட்கள் ஓடுகின்றன. ஆட்டம் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி தானாக வந்து தலையில் உட்காரும்.

"கின்லேவின் கிராஸ் எல்லாம் நீளம். சொல்லிப் பார்த்தேன், திருந்தவில்லை" என்றேன்.

உண்மையில் நான் அவனிடம் சொல்லவே இல்லை. 'சொல்லிப் பார்த்தேன்' என்பது வாயில் வந்துவிட்டது.

பேமா சார் மைதானத்தைப் பார்த்தபடியே, "நீ பதினான்கு வருடம் ஆடியவன். நீ சொன்னால் சரியாக இருக்கும்" என்றார்.

ஏப்ரல் 18

புனித வெள்ளி. இங்கே அது வெறும் வெள்ளி. பயிற்சி இருந்தது. நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 20

கின்லேவை உட்காரவைத்துவிட்டார்கள். தேசிய அணி முகாமுக்கு ஆள் எடுக்கிறவர் இன்று அரங்கில் வந்து உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். கின்லே மேல்சட்டையைக் கழற்றாமலே எண்பது நிமிடம் பெஞ்சில் இருந்தான். கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். அதற்குள் அந்த மனிதர் எழுந்து போய்விட்டார்.

அவன் இல்லாததால் பந்தைத் தரையிலேயே உருட்டி ஆடினோம். இரண்டு கோல் போட்டேன், இரண்டும் காலால். தரையில் வருகிற பந்து எனக்கு எப்போதும் துரோகம் செய்ததில்லை.

நான் சொன்னது சரியாகப் போயிற்று. மனதுக்கு அவ்வளவு நிம்மதியாக இல்லை, ஏன் என்று தெரியவில்லை.

மே 3

இன்னொரு கோல். ஜெசிந்தாளிடம் சொன்னேன். "அப்ப நவம்பர் வரை இருப்பியளா?" என்று கேட்டாள். சந்தோஷமாகக் கேட்டாளா, வருத்தமாகக் கேட்டாளா என்று பிடிபடவில்லை.

மே 10

மறுபடியும் ஒன்று. மொத்தம் ஐந்து. கின்லே மூன்றாவது ஆட்டமாக பெஞ்சில். அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை என்று நினைக்கிறேன். நானும் போய்க் கேட்கவில்லை.

மே 17

விடுமுறை. அணிக்காரர்கள் வில்வித்தைக்குக் கூட்டிப்போனார்கள். நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை கபடி மாதிரி இவர்களுக்கு இது. இந்தக் கோடியில் ஒரு பலகை, அந்தக் கோடியில் ஒரு பலகை, நடுவே நூற்றைம்பது கெஜம் இருக்கும். பலகை ஒரு முழம் அகலம்கூட இல்லை. எதிரணி பலகைக்குப் பக்கத்திலேயே நின்று எய்கிறவனை வாய்க்கு வந்தபடி கேலி செய்யும். அம்பு பட்டுவிட்டால் சொந்த அணி பாட்டுப் பாடி வட்டமாக ஆடும். அம்பு வருகிற வழியில் நின்று கேலி செய்கிற துணிச்சல் நம்மவர்களுக்கு வராது.

"அண்ணாவும் எய்யட்டும்" என்று ஒரு மூங்கில் வில்லைக் கையில் கொடுத்தார்கள். "அடிக்கப் போவது பலகையையா, பக்கத்து ஊர்ப் பசுவையா?" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு இடது கால், இடது கை. நாணை இடது கையால் இழுத்தேன். குறி பார்க்க வலது கண்ணை மூடினேன்.

பலகை இல்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை. மேலே கொஞ்சம் மலை, கொஞ்சம் வானம், அதற்குக் கீழே ஈரத்துணியைத் தொங்கவிட்டதுபோல் சாம்பல் நிறம்.

வில்லை இறக்கித் தோள் வலிக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

மே 18

பயிற்சிக்குப் போனேன். வந்தேன்.

மே 19

இன்று எழுதிவிடுகிறேன். மேசை கோணல் இல்லை. அட்டையை எடுத்துவிட்டுக் கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன், அது அசையவே இல்லை. கம்பத்து விளக்கும் பழுதாகவில்லை. கறுப்பாகப் பறந்தது கொசுவும் இல்லை.

போன வருடம் மாலத்தீவில் கடைசி ஆட்டத்தில் நாலடி தூரத்திலிருந்து அடித்த பந்து என் இடது கண்ணில் பட்டது. அங்கிருந்த டாக்டர், உள்ளே கிழிந்திருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். காட்டினால் ஆடக்கூடாது என்று சொல்வார்கள். எனக்கு அப்போதுதான் திம்புவிலிருந்து அழைப்பு வந்திருந்தது. எட்டாவது நோட்டில் அன்று, 'கண்ணில் லேசாக அடி. மீன் வாங்கினேன்' என்று எழுதியிருப்பேன்.

அன்று முதல் இன்றுவரை வலது கண்ணை மூடிப் பார்க்கவே இல்லை நான். பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பார்க்கவில்லை.

ஐந்து மாதம் தாக்குப்பிடித்தால் நவம்பர். அதற்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம். தரையில் ஆடினால் போதும்.

மே 22

பேமா சார் கூப்பிட்டு, நீட்டிப்புக் கடிதம் தயாராகிவிட்டது, திங்கட்கிழமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடு என்றார். இவ்வளவு நாள் காத்திருந்தது வந்தே விட்டது. ஜெசிந்தாளுக்கு இன்னும் சொல்லவில்லை.

மே 24

சந்தைக்குப் போகத் தெருவில் நின்று டாக்சியைக் கை காட்டினேன். நின்றது கின்லேவின் வண்டி. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வண்டி பாலத்தைத் தாண்டியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன். "முகாமுக்கு ஆள் எடுக்க மறுபடி எப்போது வருவார்கள்?"

"செப்டம்பர்ல. அதுக்கு முதல்ல நான் ஆடணுமே, அண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன நினைத்தேனோ, "உன் கிராஸ் ஏன் எப்போதும் நீளமாகப் போகிறது?" என்று கேட்டேன்.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"நீங்க வந்த முதல் வாரம், உங்க இடது பக்கமா தண்ணி பாட்டில் தூக்கிப் போட்டேன். நீங்க கையே தூக்கல. தோள்ல பட்டதும் வேற யாரோ எறிஞ்சாங்கன்னு திட்டினீங்க. இன்னொரு நாளும் போட்டுப் பார்த்தேன். அப்பவே தெரியும், அந்தப் பக்கம் உங்களுக்குக் கண்ணு இல்லன்னு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு அடிச்சா, பந்து உங்களுக்குத் தெரியறதுக்குள்ள வந்துடும். செகண்ட் போஸ்டுக்கு அடிச்சா நீங்க முழுசா திரும்பி, நல்ல கண்ணால பார்த்து, ரெண்டடி எடுத்து வச்சு முட்டலாம். அதுக்குத்தான் நீளமா அடிச்சேன். நீங்க ஒரு தடவைகூட அங்க வரல."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் அசையவில்லை.

"கோச்சிடம் ஏன் சொல்லலை? உன்னை உட்காரவைத்தபோது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. எனக்கு இந்த வண்டி இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

கடற்கரையில் பிறந்தும் எனக்குக் கடல் தெரியாது. பதினாறு வயதில் வலையை விட்டுப் பந்தோடு போனவன் நான்.

"உனக்கு என்மேல் கோபமே இல்லையா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா? மூணு வாரம் டிரெஸ்ஸிங் ரூம்ல உங்க பக்கத்துலயே உட்கார்ந்து முறைச்சேன். அப்புறம்தான் நெனப்பு வந்தது, நான் உட்கார்ந்தது உங்க இடது பக்கம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோயிற்று. இவ்வளவு வருடத்தில் எத்தனையோ பேர் எனக்குப் பந்து கொடுத்திருக்கிறார்கள். என் குறையை அளந்து பார்த்து அதற்கேற்பப் பந்து கொடுத்தவன் இவன் ஒருவன். அவனைத்தான் நான் போட்டுக்கொடுத்தேன். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சந்தையில் இறக்கிவிட்டான். நான் என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துவிட்டது.

மே 25

ஞாயிறு. வெயில் நன்றாக அடித்தது. துணி காய்ந்தது.

மே 26

அலுவலகத்தில் கடிதம் மேசைமேல் இருந்தது. பேனாவையும் பேமா சாரே எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"கின்லேவின் கிராஸ் சரியாகத்தான் வந்தது. எனக்கு இடது கண் தெரியாது. இங்கே வரும்போதே அது தெரியாது. அவனிடம் நான் சொல்லிப் பார்க்கவும் இல்லை, அதுவும் பொய்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். இழுத்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அவர் பேனாவை மூடினார். பிறகு, "பட்டாளத்தில் நான் இதற்கு ஒருவனைச் சிறையில் போட்டிருக்கிறேன்" என்றார். எழுந்து மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். சிறைக்கோ என்று ஒரு நொடி நினைத்தேன். கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

விழித்திரை பாதிக்கு மேல் பிரிந்திருக்கிறது. உடனே ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள், பந்து தலையில் படவே கூடாது, ஒரு நாள்கூடத் தள்ளாதே என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது பேமா சார், "கின்லே சனிக்கிழமை ஆடுவான்" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜெசிந்தாளுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எந்தக் கண்ணு? இடதா?" என்று மட்டும் கேட்டாள். "நான் நெனச்சேன்."

மே 28

கின்லே தன் வண்டியிலேயே எல்லைவரை கொண்டுவந்து விட்டான். வழியில் வாந்தி வரவில்லை. இறங்கும்போது, "கண்ணு சரியானதும் வந்துடுங்க, அண்ணா. இடம் எங்கயும் போகாது" என்றான். வருகிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 14, மதுரை

இன்று எழுதுவது ஜெசிந்தாளின் கை. சொல்வது நான்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். கண்ணுக்குள் காற்று ஏற்றியிருக்கிறார்களாம். அந்தக் காற்று திரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமானால் நான் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். குப்புறப் படுக்கை, குப்புறச் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜில் சிமென்டுத் தரையின் ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம். வெளிச்சம் கொஞ்சம் திரும்பும், ஆட்டம் முடிந்தது என்று காலையில் டாக்டர் சொன்னார். தமிழில்தான் சொன்னார், ஆனாலும் ஜெசிந்தாளை இரண்டாம் தடவை கேட்கச் சொன்னேன்.

மத்தியானம் நோர்லிங் ஆட்டம் போனில் வந்தது. நான் பார்க்கக்கூடாது. அதனால் அவளைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பதினொரு வருடம் என் மனைவியாக இருக்கிறாள், இவளுக்கு இவ்வளவு ஆட்டம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"ஒங்களுக்க எடத்துல கறுப்பா நெடுநெடுன்னு ஒருத்தன் நிக்கான். ஃபர்ஸ்ட் போஸ்ட்டுலயாக்கும் நிக்கான். இந்தா, கின்லே போறான்... ஒருத்தனத் தாண்டிற்றான்... ரெண்டு பேர... அடிச்சிற்றான். சே! நீளமாப் போச்சு. அங்க ஆளே இல்ல."

கொஞ்ச நேரத்தில் மறுபடி, "இந்தா போறான். இதும் நீளம்" என்றாள். மூன்றாவது தடவை, "இவனுக்கு அளவே தெரியல்ல. நல்ல ஓட்டக்காரன், பொறவு ஏன் இப்பிடி?" என்று சலித்துக்கொண்டாள்.

அரங்கத்தில் கூச்சல் போடுகிறார்கள் என்று சொன்னாள். அவனைத்தான்.

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து கின்லேவைக் கூப்பிடச் சொல்லி, போனை என் காதுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னேன். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்றேன்.

"கின்லே, செகண்ட் போஸ்டுக்கு அடிக்காதே. புதியவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது. ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு அடி."

"அவன் கொஞ்ச நாளுக்குத்தானே, அண்ணா? நீங்க வந்ததும் மறுபடி மாத்தணும். அதான் கால் பழகினதை விடாம..." என்று இழுத்தான்.

"நான் வரமாட்டேன்" என்றேன்.

அவன் பேசுவதற்குள், "செப்டம்பரில் ஆள் எடுப்பவர் வருவார். நாளையிலிருந்தே மாற்று" என்றேன். "சரி, அண்ணா" என்றான். போனை வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். இன்றைக்கு இது போதும்.

(இது ஜெசிந்தாள் எழுதுவது. போனை எடுத்தபோது தரை நனைந்திருந்தது. சொட்டு மருந்து வழிந்தது என்று எழுதச் சொன்னார். நான் மருந்து விட்டே இரண்டு மணி நேரம் ஆகிறது.)